வெள்ளைக்காரன் நம்மைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்குப் பிடித்தானா? இயக்கத் தலைவர்கள் என்ன செய்தார்கள்?

குன்னூர் வாத்தியார் (கேள்வி)

வணக்கம். குன்னூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். முதல் உலகப் போர் பாடத்தில் ஒரு மாணவி கேட்ட கேள்வி வகுப்பில் பெரிய வாக்குவாதமாகி, அங்கிருந்து வீடுகளுக்குப் போய், ஒரு பையனின் தாத்தா (பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்) எனக்குப் போன் செய்து "சும்மா எதையாவது சொல்லிக் கொடுக்காதீங்க சார்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. அதனால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்.

1914 முதல் 1918 வரை சுமார் 13 லட்சம் இந்தியர்கள் அந்தப் போருக்குப் போனார்கள், 74 ஆயிரத்துக்கும் மேல் திரும்பவில்லை. இத்தனை பேரும் விரும்பியா போனார்கள்? கட்டாய ராணுவச் சட்டம் என்று ஒன்று இங்கே இருந்ததா, இல்லையா? அப்புறம், 1918ல் காந்தியே ஊர் ஊராக நடந்து பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார் என்று ஒரு பையன் சொன்னான். மற்ற பிள்ளைகள் நம்பவே இல்லை. நடந்தது எனக்குத் தெரியும், ஆனால் அகிம்சை பேசியவர் அதை ஏன் செய்தார் என்று பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்லத்தான் வரவில்லை. எதிர்த்தவர்கள் யாருமே இல்லையா? ஊட்டியில் அன்னி பெசன்ட் அம்மையாரைக் காவலில் வைத்தார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கோத்தகிரி கிளை நூலகம்

வாத்தியார் ஐயா, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இந்தியர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டம் முதல் போரிலும் இல்லை, இரண்டாம் போரிலும் இல்லை. கட்டாயச் சட்டம் வந்தது இங்கே இருந்த வெள்ளைக்காரர்களுக்குத்தான். 1917 பிப்ரவரியில் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் என்று ஒன்று போட்டு, 16 முதல் 50 வயது வரையிலான ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிமக்கள் எல்லோரையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். நம் மலையில் எஸ்டேட் நடத்திக்கொண்டிருந்த துரைமாரும் அதில் அடக்கம். இந்தியர்கள் விரும்பினால் சேரலாம் என்று அதிலேயே ஒரு பிரிவு வைத்தார்கள், பெரிதாக யாரும் சேரவில்லை.

ஆனால் சட்டம் இல்லை என்பதை வைத்துக்கொண்டு "எல்லோரும் விரும்பித்தான் போனார்கள்" என்று முடித்துவிட முடியாது. பஞ்சாபைப் பாருங்கள். அங்கே 1913 முதல் 1919 வரை லெப்டினன்ட் கவர்னராக இருந்தவர் மைக்கேல் ஓட்வயர். மாவட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குப் போட்டு, அது தாசில்தாருக்கு இறங்கி, தாசில்தாரிடமிருந்து ஊர்த் தலையாரி, நம்பர்தார் (ஊரில் வரி வசூலிப்பவர்) வரைக்கும் இறங்கியது. ஆள் கொடுத்த ஊர்த் தலைவருக்கு நிலமும் பட்டமும், கொடுக்காதவருக்குப் பதவி பறிபோகும் என்ற மிரட்டல். கலியாணத்திலும் சந்தையிலும் இளைஞர்களைப் பிடித்தது, ஆள் தராத குடும்பத்தின் மீது வழக்குப் போட்டது, இதெல்லாம் ஜாலியன்வாலா பாக்குக்குப் பிறகு காங்கிரஸ் நியமித்த விசாரணைக் குழு 1920ல் வெளியிட்ட அறிக்கையில் சாட்சியங்களோடு இருக்கிறது. அந்தக் குழுவில் காந்தியும் ஒருவர்.

இன்னொன்று, நம் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டியது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சேத்தூர் சங்கரன் நாயர் பஞ்சாப் கொடுமைகளுக்கு ஓட்வயரைப் பொறுப்பாக்கி எழுதினார். ஓட்வயர் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 1924ல் அந்த வழக்கு ஐந்து வாரம் நடந்தபோது பஞ்சாபில் ஆள் சேர்த்த விதமும் நீதிமன்றத்தில் அலசப்பட்டது. நாயர் தோற்றார், 500 பவுண்டு நஷ்ட ஈடு கட்டச் சொன்னார்கள். ஜூரி 12 பேரில் ஒருவர் மட்டும் நாயர் பக்கம் நின்றார். பாலக்காட்டுக்காரர் ஒருவர் எங்கோ பஞ்சாப் கிராமத்து விவசாயிக்காக லண்டன் கோர்ட்டில் நின்றார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

எதிர்த்தவர்கள் யார் என்று கேட்டீர்கள். மலைக்காரர்கள்தான் எதிர்த்தார்கள். 1917ல் பிரான்சுக்குத் தொழிலாளர் படை (சண்டைக்கு அல்ல, கூலி வேலைக்கு) அனுப்ப மணிப்பூர் மலைகளில் ஆள் கேட்டபோது குக்கி பழங்குடி ஊர்த் தலைவர்கள் பலர் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பதிலுக்கு பிரிட்டிஷார் மோம்பி ஊரை எரித்தார்கள். அது பெரிய சண்டையாகி 1919 வரைக்கும் அடங்கவில்லை. அதே 1917ல் ஒடிசாவில் மயூர்பஞ்ச் சந்தால் பழங்குடியினர் அதே தொழிலாளர் படைக்கு ஆள் எடுப்பதை எதிர்த்துக் கிளம்பினார்கள். இவர்கள் யாரும் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனவர்கள் இல்லை. எந்தத் தலைவரும் இவர்களுக்கு வந்து சொல்லித் தரவும் இல்லை. தங்கள் பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்ப மாட்டோம் என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள்.

வெலிங்டன் பென்ஷன்தாரர்

மேலே சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கமாகப் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவன், தம்பிகளோடு முப்பது வருஷத்துக்குக் கிட்டப் பழகியவன். எங்கள் வீட்டிலும் பெரிய தாத்தா ஒருவர் முதல் போரில் மெசபடோமியா (இன்றைய இராக்) போய் வந்தவர். யாரும் அவரைக் கையைக் கட்டி இழுத்துப் போகவில்லை. சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய். பண்ணையில் வருஷம் முழுக்க உழைத்தாலும் கையில் காசு பார்க்காத குடும்பத்துக்கு அது என்ன என்பது பசித்தவனுக்குத்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு. ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் பட்டாளத்தில் பூட்ஸ் போட்டு நடந்தான். லீவில் வரும்போது அதே பூட்ஸோடு தெருவில் வந்தான். அது சின்ன விஷயம் இல்லை.

நம் பக்கம் பஞ்சாப் மாதிரி நெருக்கடி இல்லாததற்கும் காரணம் உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படைத் தளபதி ராபர்ட்ஸ் பிரபு காலத்திலிருந்தே தமிழன் சண்டைக்கு லாயக்கில்லை, வடக்கத்திக்காரன்தான் வீர சாதி என்று சொல்லி மெட்ராஸ் படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டே வந்தார்கள். போர் வந்து ஆள் பற்றாக்குறை ஆனதும் அதே தமிழனைத் தேடி வந்தார்கள். பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸ் (பாலமும் பாதையும் போடும் படை) மெசபடோமியாவில் பட்ட பாடு கொஞ்சமா?

போனவர்களை அடிமை என்றோ துரோகி என்றோ பிள்ளைகள் மனதில் பதிந்துவிடக் கூடாது சார். உங்களுக்குப் போன் செய்த தாத்தாவின் கோபம் அதுவாகத்தான் இருக்கும்.

ஊட்டி லவ்டேல் ரோடு

பென்ஷன்தாரர் ஐயா சொன்னதில் எனக்கும் சம்மதம். போனவன் மேல் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவன் சார்பில் பேரம் பேசியவர்களைப் பற்றிப் பேசலாம், பேசியே ஆக வேண்டும். ஊட்டி கதை அங்கேதான் வருகிறது.

1917 ஜூனில் கவர்னர் பென்ட்லண்ட், பெசன்ட் அம்மையாரையும் அவரோடு வேலை செய்த அருண்டேலையும் பி.பி. வாடியாவையும் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சென்னையை விட்டு வெளியேற்றினார். நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று சில இடங்களைக் கொடுத்தார்கள், நீலகிரியும் பழனி மலையும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவர்கள் ஊட்டிக்கு வந்து குலிஸ்தான் வீட்டில் தங்கினார்கள், அது தியாசபிகல் சங்கத்தின் கர்னல் ஆல்காட் கட்டிய வீடு. அந்த வீட்டில் ஹோம் ரூல் (தன்னாட்சி) இயக்கத்தின் சிவப்பு பச்சைக் கொடியை ஏற்றினார்கள். பிறகு கோயம்புத்தூருக்கு மாற்றி, செப்டம்பரில் விடுதலை செய்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அவரே கல்கத்தா காங்கிரசுக்குத் தலைவர்.

இதில் கவனிக்க வேண்டியது, பெசன்ட் போரை எதிர்த்ததற்காகக் காவலில் வைக்கப்படவில்லை. பிரிட்டன் ஜெயிக்க வேண்டும் என்பதுதான் அவர் கட்சி. தன்னாட்சி கேட்டதுதான் குற்றம். அவர் ஊட்டியில் இருக்கும்போது, ஜூன் 24 அன்று, மதுரையில் பிறந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் (மணி ஐயர் என்பார்கள், உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்) அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் இருப்பதைப் படித்தால் தூக்கிவாரிப்போடும். இந்தியாவுக்கு உடனே ஹோம் ரூல் தருவதாக வாக்குக் கொடுங்கள், மூன்று மாதத்தில் 50 லட்சம் பேரைப் போர்முனைக்குத் தருகிறோம், அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் 50 லட்சம். அதாவது ஒரு கோடி! யாரைக் கேட்டு இந்த வாக்கைக் கொடுத்தார்? உழுகிறவனையா கேட்டார், நெய்கிறவனையா கேட்டார்? ஆனாலும் அந்த மனிதரின் தைரியத்தைச் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வருஷம் பிரிட்டனின் இந்திய விவகார அமைச்சர் மான்டேகு பாராளுமன்றத்தில் அந்தக் கடிதத்தைக் கேவலம் என்று திட்டியதும், சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் தூக்கி எறிந்துவிட்டார்.

காந்தியும் திலகரும் செய்ததும் இதே பேரம்தான். தட்டில் வைத்த பொருள்தான் வேறு வேறு. திலகர் 50 ஆயிரம் ரூபாய்க்கு செக் அனுப்பி, இந்தியர்களுக்கு ராணுவத்தில் அதிகாரிப் பதவி தருவதாக அரசிடம் உறுதி வாங்குங்கள், நான் 5,000 பேர் தருகிறேன் என்றார். காந்தி செக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார், நிபந்தனை போடாமல் உதவ வேண்டும் என்பது அவர் நிலை. 1918 ஏப்ரலில் டெல்லி போர் மாநாட்டில் ஆள் சேர்ப்புத் தீர்மானத்தை இந்தியில் ஒரே வாக்கியத்தில் ஆதரித்துவிட்டு, ஜூனில் குஜராத்தின் கேடா மாவட்டத்துக்குக் கிளம்பினார். மாவட்டத்தில் 600 ஊர், ஊருக்கு 20 ஆள் என்று அவர் கணக்கு. ஆயுதம் எடுக்கத் தெரியாதவன் அகிம்சையும் பழக முடியாது, இந்தியர்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்த ஆயுதச் சட்டத்தை ரத்து செய்யவும் இதுதான் வழி, இப்படியெல்லாம் வாதம் வைத்தார்.

கேடா விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சில வாரங்களுக்கு முன்பு வரை வரிகொடா சத்தியாகிரகத்தில் அவர் பின்னால் நின்றவர்கள், காசு வாங்காமல் வண்டி கட்டிக் கொடுத்தவர்கள். இப்போது வாடகை தருகிறேன் என்றாலும் வண்டி தரவில்லை. அவரும் வல்லபாய் படேலும் சாப்பாட்டைப் பையில் கட்டிக்கொண்டு நாளைக்கு 20 மைல் நடந்திருக்கிறார்கள். நீங்கள் அகிம்சைக்காரர், எங்களை எப்படி ஆயுதம் எடுக்கச் சொல்கிறீர்கள், இந்த சர்க்கார் நமக்கு என்ன நல்லது செய்துவிட்டது என்று முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார்கள். இதைக் காந்தியே தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உங்கள் வகுப்புக்கு இந்த இடம் போதும் சார். காந்தி ஏன் செய்தார் என்பதை விட, அவரை நேசித்த ஜனங்கள் அவரிடமே "முடியாது" என்றார்களே, அதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

கொடைக்கானல் ஏழு ரோடு

அக்கா நல்லா எழுதியிருக்கீங்க. நான் அயர்லாந்துப் பக்கத்தைச் சேர்க்கிறேன், ஏன்னா ஹோம் ரூல் என்கிற பேரே அங்கிருந்து வந்ததுதான்.

நாம் 1918ல் செய்த பேரத்தை அயர்லாந்து 1914லேயே செய்து பார்த்துவிட்டது. ஜான் ரெட்மண்ட் என்ற அவர்களுடைய தலைவர், ஹோம் ரூல் சட்டம் நிறைவேறிவிட்டது, இனி பிரிட்டனுக்காகப் போய்ச் சண்டை போடுங்கள் என்று தொண்டர்களை அனுப்பினார். பல்லாயிரம் பேர் போய்ச் செத்தார்கள், ஹோம் ரூல் கிடப்பிலேயே கிடந்தது. 1918 ஏப்ரலில் ஜெர்மனி பிரான்சில் முன்னேறியதும் பிரிட்டன் பிரதமர் லாயிட் ஜார்ஜ் அயர்லாந்துக்கும் கட்டாய ராணுவச் சேவையை நீட்டிச் சட்டம் போட்டார், கூடவே ஹோம் ரூலும் தருகிறேன் என்றார். மணி ஐயர் நம் பக்கமிருந்து கேட்ட அதே பண்டமாற்றை அங்கே அரசே முன்வந்து வைத்தது. அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத கட்சிகள் டப்ளினில் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. பாதிரிமார் கூடச் சேர்ந்துகொண்டார்கள். ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசல்களில் வரிசையில் நின்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்கள். 23ஆம் தேதி பெல்ஃபாஸ்ட் வட்டாரம் தவிர நாடு முழுக்க வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. போர் முடியும்வரை அந்தச் சட்டத்தை அயர்லாந்தில் அமல்படுத்தவே முடியவில்லை. டிசம்பர் தேர்தலில் 105 இடத்தில் 73 முழு விடுதலை கேட்ட சின் ஃபெய்ன் கட்சிக்கு.

ஆக, அங்கே 1918ல் ஜனமும் தலைவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். இங்கே ஜனம் ஒரு பக்கம், தலைவர்கள் இன்னொரு பக்கம். நம் தலைவர்கள் மாறியது பேரம் தோற்ற பிறகுதான். ஆள் கொடுத்ததற்குக் கூலியாக 1919 மார்ச்சில் ரௌலட் சட்டமும் ஏப்ரல் 13ல் ஜாலியன்வாலா பாக்கும் வந்தன, அதுவும் அதிகமாக ஆள் கொடுத்த பஞ்சாபிலேயே.

போகிற போக்கில் ஒன்று. 1920ல் ஐரிஷ் சிப்பாய்கள் (கனாட் ரேஞ்சர்ஸ்) "எங்கள் ஊரில் நீங்கள் அட்டூழியம் செய்யும்போது உங்களுக்காகத் துப்பாக்கி தூக்க மாட்டோம்" என்று கலகம் செய்தது வெலிங்டன் பாரக்ஸில். அதைப் படித்துவிட்டு நம் குன்னூர் வெலிங்டன் என்று பலரும் ஷேர் செய்கிறார்கள். அது ஜலந்தரில் இருந்த வெலிங்டன் பாரக்ஸ். தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் டேலியை அந்த வருஷம் நவம்பர் 2ல் இமாச்சல் மலையில் உள்ள டக்ஷாய் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம் பாரக்ஸ் வாசலில் போய் நின்றுவிடாதீர்கள் அண்ணே.

குன்னூர் வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. ஜலந்தர் விஷயம் நல்ல நேரத்தில் சொன்னீர்கள், அடுத்த வாரம் நம் வெலிங்டன் பாரக்ஸுக்குத்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் திட்டம். தலைவர்கள் மாறினார்கள் என்றால் எப்போது, எப்படி என்று கொஞ்சம் சொல்ல முடியுமா? பட்டாளத்தில் சேராதே என்று இயக்கமே வெளிப்படையாகச் சொன்ன நாள் எது? இரண்டாம் போரில் என்ன நடந்தது?

கோத்தகிரி கிளை நூலகம்

1921. ஜூலையில் கராச்சியில் கிலாபத் இயக்கத்தின் (துருக்கி கலீபாவுக்காக முஸ்லிம்கள் நடத்தியது) மாநாட்டில், பிரிட்டிஷ் படையில் ஒரு முஸ்லிம் தொடர்ந்து வேலை செய்வது மார்க்கத்துக்கு விரோதம் என்று தீர்மானம் போட்டார்கள். செப்டம்பர் 14ல் கிலாபத் தலைவர் மௌலானா முகமது அலியை வால்டேர் (விசாகப்பட்டினம்) ரயில் நிலையத்தில் கைது செய்தார்கள். அப்போது காந்தி கூடவே சென்னைக்குப் பயணத்தில் இருந்தார். எட்டு நாள் கழித்து மதுரையில் மேல்சட்டையைக் கழற்றி இடுப்புத் துணிக்கு மாறியதும் இதே பயணத்தில்தான். அக்டோபரில் காந்தியும் மற்ற தலைவர்களும் சேர்ந்து, இந்த அரசிடம் சிவில் வேலையோ சிப்பாய் வேலையோ பார்ப்பது தேசத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்று கையெழுத்துப் போட்டு அறிக்கை விட்டார்கள். மூன்றே வருஷத்துக்கு முன்னால் கேடாவில் ஊருக்கு 20 ஆள் கேட்டவர்! 1922 மார்ச்சில் அவருக்கு ஆறு வருஷம் சிறை கிடைத்தது மூன்று கட்டுரைகளுக்காக, அதில் ஒன்று சிப்பாய்களின் விசுவாசத்தைப் பற்றியது. கேடா விவசாயி 1918ல் சொன்னதைக் காந்தி 1921ல் சொன்னார், நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இரண்டாம் போருக்கு 1940 அக்டோபர் 17ல் வினோபா தொடங்கிய தனிநபர் சத்தியாகிரகத்தைப் பாருங்கள். பிரிட்டிஷாரின் போருக்கு ஆளாலோ பணத்தாலோ உதவுவது தவறு என்று தெருவில் நின்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னவுடனே பிடித்துப்போவார்கள். ராஜாஜியும் அதில் சிறை போனார். அதே சமயம் 25 லட்சம் பேர் கட்டாயச் சட்டம் இல்லாமலே படையில் சேர்ந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பஞ்சமும் வேலையின்மையும் சட்டத்தின் வேலையைச் செய்தன.

கூடலூர் தேயிலை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று விடுபடுகிறது. உண்மையான கட்டாய ஆள்பிடிப்பைத் தமிழன் பார்த்தது மலாயாவில்.

எங்கள் தெருவில் சிலோனிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள்தான் அதிகம், 1964 ஒப்பந்தத்தில் வந்தவர்கள். எங்கள் குடும்பம் மட்டும் மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து ஊர் திரும்பி, பிறகு மலையேறியது. 1942ல் ஜப்பான்காரன் வந்த பிறகு சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதைக்கு ஆள் கேட்டான். சயாமின் பான்போங்கில் ஆரம்பித்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர், காட்டுக்குள். முதலில் நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். போனவன் யாரும் திரும்பவில்லை என்று தெரிந்ததும் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று. இலவச சினிமா என்று சொல்லிக் கூட்டம் சேர்த்துக் கதவைச் சாத்திப் பிடித்துப்போன கதையைத் தாத்தா சொல்லும்போது அவர் குரல் ஏறாது, இறங்காது, ஒரே மாதிரி இருக்கும். அவருடைய அண்ணன் அப்படிப் போனவர். காலரா.

தாத்தா 1943ல் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தார். தேசபக்தியா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அதுவும்தான் என்பார், அந்தச் சட்டையைப் போட்டவனை ரயில் பாதைக்குப் பிடிக்க மாட்டான் என்பதும்தான் என்பார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். தோட்டத்துப் பெண்கள் கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்ததையும் பெருமையாகச் சொல்வார். கங்காணி முன்னால் தலை நிமிராத பெண்கள் துப்பாக்கியோடு அணிவகுத்தார்கள் என்பது அவருக்குக் கடைசி வரை ஆச்சரியம்தான். வெலிங்டன் ஐயா சொன்ன பூட்ஸ் கதையும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

வெலிங்டன் பென்ஷன்தாரர்

கூடலூர் தம்பி, உங்கள் தாத்தா சொன்னது சத்தியம். எந்தச் சிப்பாயைக் கேட்டாலும் இரண்டு காரணம் சொல்வான்.

வாத்தியாருக்கு ஒன்று சொல்கிறேன். பழைய ஊர்களில் சாவடியிலோ கச்சேரிச் சுவரிலோ சின்னக் கல் பலகை இருக்கும்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. சமவெளியில் சொந்த ஊர் உள்ள பிள்ளைகளை விடுமுறைக்குப் போகும்போது தேடச் சொல்லுங்கள், மேலே சுண்ணாம்பு பூசியிருப்பார்கள், கையால் தடவிப் பார்க்க வேண்டும். கிடைத்தால் போட்டோ எடுத்து வந்து, அந்த எண்ணிக்கையில் எங்கள் ஆள் ஒருவர் உண்டா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்கட்டும். உங்களுக்குப் போன் செய்த தாத்தாவையும் ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்றால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் கூட்டி வருகிறேன்.